வேன் நாலேகாலுக்குக் கிளம்பிவிடும்: பள்ளி நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர், முதல்வர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வரும் கல்வியாண்டிலிருந்து எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் பிரெஞ்சு விருப்பப் பாடம் கிடையாது. பிளஸ் ஒன்னில் தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சு எடுக்கும் வாய்ப்பும் கிடையாது. அதற்குப் பதிலாக நீட் அடித்தளப் பயிற்சி வரும். இப்படி ஒரு சுற்றறிக்கை பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அந்தக் குழுவில் நிர்வாகிகள் மட்டும்தான் எழுத முடியும். நாங்கள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டலாம், அவ்வளவுதான். நேரில் வந்து கேட்டால் முடிவெடுத்தாகிவிட்டது என்றார்கள். ஆகவே இங்கே எழுதுகிறேன். பள்ளியின் பெயரைக் குறிப்பிடவில்லை. உங்களுக்குத் தெரியும், பெற்றோருக்கும் தெரியும், அது போதும்.

நான் இந்தப் பள்ளியில் படித்தவள். என் மகள் இந்த ஜூனில் எட்டாம் வகுப்புக்கு வருகிறாள், பிரெஞ்சு எடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டிருந்தாள். காரைக்குடியை அடுத்த கானாடுகாத்தான் பக்கம் விடுதியாக மாற்றப்பட்ட ஒரு பழைய வீட்டில் வரவேற்புப் பொறுப்பில் இருக்கிறேன். இனி நான் சொல்வதில் பாதி அந்த வேலையில் பார்த்தது, மீதி உங்கள் பள்ளியில் பார்த்தது.

மாணவர் எண்ணிக்கை குறைந்துவிட்டது, ஆசிரியர் கிடைக்கவில்லை, "நமது பகுதி மாணவர்களுக்கு நடைமுறைப் பயன் குறைவு" என்று மூன்று காரணங்களை எழுதியிருக்கிறீர்கள். நாலாவது ஒன்று சுற்றறிக்கையில் இல்லை, ஆனால் பெற்றோர் கூட்டத்தில் குழு உறுப்பினர் ஒருவர் மைக்கிலேயே சொன்னார்: "நம்ம பிள்ளைகளுக்கு இங்கிலீஷே வரல, இதுல பிரெஞ்சு எதுக்கு?" கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதலில் எண்ணிக்கை. முன்பு பிரெஞ்சு வகுப்பு மதியத்தில், பள்ளி நேரத்துக்குள்ளேயே நடந்தது. பிறகு அதைக் கடைசி மணிக்கு அப்பால் தள்ளினீர்கள். பள்ளி நாலு மணிக்கு விடுகிறது. புதுவயல், பள்ளத்தூர், ஆத்தங்குடிப் பக்கம் போகும் வேன்கள் நாலேகாலுக்குக் கிளம்பிவிடும். வேனை விட்டால் டவுன் பஸ்ஸுக்கு நின்று, வீடு போய்ச் சேர இருட்டிவிடும். இதற்கு மேல் மொழிக் கட்டணம் என்று தனியாக ஒரு ரசீது. வேனில் வரும் பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். காரைக்குடிக்குள்ளேயே வீடு உள்ள, அப்பா பைக்கில் வந்து கூட்டிப்போகிற பிள்ளைகள் மட்டும் மிஞ்சினார்கள். நேரத்தையும் கட்டணத்தையும் இப்படி வைத்துவிட்டு, அப்புறம் தலையை எண்ணிப் பார்த்து ஆர்வமில்லை என்று எழுதுவது எந்த ஊர் நியாயம்?

ஆசிரியர் விஷயமும் ஏறக்குறைய இதே கதைதான். கடைசியாக இருந்த டீச்சர் தொகுப்பூதியத்தில் வேலை பார்த்தார். யார் விடுப்பில் போனாலும் அந்த வகுப்புக்கு அவரைத்தான் அனுப்புவார்கள். நூலகமும் அவர் தலையில்தான். இப்போது வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறார், இங்கே வாங்கியதைவிட அதிகமாகவே சம்பாதிக்கிறார் என்று கேள்வி. அவர் போனபிறகு அந்த இடத்துக்கு எங்கே விளம்பரம் கொடுத்தீர்கள் என்று அலுவலகத்தில் கேட்டேன். பதில் வரவில்லை. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் பிரெஞ்சுத் துறைகள் இருக்கின்றன; புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பிரெஞ்சு நடத்தி ஓய்வுபெற்றவர்கள் இருக்கிறார்கள். ஆள் இங்கே வர முடியாவிட்டால் வகுப்பை நேரலையில் நடத்தலாம். அதற்கான ஸ்மார்ட் போர்டு நம்மிடம் இருக்கிறது. இப்போதைக்கு அதில் காலைப் பிரார்த்தனைப் பாட்டு ஓடுகிறது.

மூன்றாவது காரணத்துக்கு வருகிறேன். இதுதான் என்னை எழுத உட்கார வைத்தது.

மதுரையிலிருந்து தஞ்சாவூருக்குப் போகும் வெளிநாட்டுப் பயணிகள் நடுவில் ஓரிரு இரவு தங்கும் இடம் நம் ஊர்ப்பக்கம். செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. எங்கள் விடுதிக்கு வருகிறவர்களில் பிரெஞ்சுக்காரர்கள் நிறைய. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் இருவர் கோத்தமங்கலத்தில் ஒரு பழைய வீட்டையே செப்பனிட்டு விடுதியாக்கியது உங்களுக்கும் தெரிந்ததுதான். குழுவாக வருகிறவர்களோடு பெரும்பாலும் பிரெஞ்சு பேசும் கைடு ஒருவர் கூடவே வருவார். பாண்டிச்சேரிக்காரராக இருப்பார், இல்லை சென்னைக்காரர். நம் ஊர்க்காரர்கள் வண்டி ஓட்டுவார்கள், பெட்டி தூக்குவார்கள், இலையில் சாப்பாடு போடுவார்கள். கைடுக்குச் சம்பளம், நம் ஆட்களுக்கு டிப்ஸ்.

போன பனிக்காலத்தில் ஒரு குழுவோடு ஆத்தங்குடிக்குப் போயிருந்தேன். தரைக்குப் பதிக்கும் பூக்கல் செய்கிற பட்டறையில் வேலை நடந்துகொண்டிருந்தது. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் வண்ணச் சாந்தை ஊற்றிப் பூ வரைந்து, மேலே மணலும் சிமென்டும் தூவி, கலவையை அழுத்தி நிரவி வைக்கிறார் ஒருவர். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, உலரவிட்டு எடுப்பார்கள். கண்ணாடியிலிருந்து கழன்று வரும்போது முகம் பளபளவென்று இருக்கும். ஆத்தங்குடிக் கல்லுக்கு நெருப்பே கிடையாது, அதுதான் அதன் சிறப்பு. குழுவோடு வந்த கைடு பிரெஞ்சில் என்ன சொன்னார் தெரியுமா? பின்னால் சூளை இருக்கிறது, அங்கே வைத்துச் சுடுவார்கள் என்றார். ஒரு அம்மாள் சூளையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். கைடு நேரமில்லை என்று சமாளித்தார். நான் குறுக்கிட்டுச் சரியானதைச் சொன்னபோது, கல் செய்கிற அண்ணன் என்னைப் பார்த்து, "இம்புட்டு நாளா அப்படியா சொல்லிக்கிட்டு இருந்தாக?" என்று கேட்டார். தன் கைத்தொழிலைப் பற்றித் தன் முன்னாலேயே சொல்லப்படும் பொய், இருபது வருடமாக அதைச் செய்கிறவர் காதில் விழுந்தும் புரியவில்லை. அவர் பிள்ளைகள் இருவரும் உங்கள் பள்ளியில்தான் படிக்கிறார்கள். நாலேகால் வேனில் போகிறவர்கள்.

நடைமுறைப் பயன் என்றால் இதைவிட நடைமுறையாக என்ன வேண்டும்?

எங்களுக்கு வண்டி ஓட்டும் தம்பி ஒருவர் விருந்தினர்களிடம் கேட்டுக் கேட்டே பிரெஞ்சு பேசுவார். கெட்டிக்காரர். ஆனால் ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் எழுத முடியாது, ஒரு படிவத்தை நிரப்ப முடியாது. காதால் கற்றது காதோடு நின்றுவிட்டது. பள்ளிக்கூடம் தர வேண்டியது அந்த மிச்சத்தைத்தான்.

சுற்றுலாவை மட்டும் வைத்துப் பேசவில்லை. எங்கள் தெருவில் நர்சிங் முடித்த பெண் ஒருத்தி ஜெர்மனிக்குப் போக முயல்கிறாள். அங்கே செவிலியராகப் பதிவுபெறப் பொதுவாக பி2 நிலை ஜெர்மன் கேட்கிறார்கள். ஐரோப்பிய மொழிச் சட்டகத்தில் ஏ1 தொடங்கி சி2 வரை ஆறு படிகள். பி2 நாலாவது படி. திருச்சியில் ஹாஸ்டலில் தங்கி, ஆஸ்பத்திரியில் ஷிப்ட் பார்த்துக்கொண்டு, வீட்டில் நகையை அடகு வைத்த பணத்தில் இருபத்துமூன்று வயதில் முதல் எழுத்திலிருந்து தொடங்குகிறாள். ஜப்பானுக்கும் அப்படித்தான். 2019இல் அவர்கள் கொண்டுவந்த திறன்பெற்ற தொழிலாளர் விசாவில் போக, ஜே.எல்.பி.டி. என்கிற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்4 நிலை அல்லது அதற்கு இணையான ஒரு தேர்வு வேண்டும். பதின்மூன்று வயதில் ஏதாவது ஒரு அந்நிய மொழியை முறையாகக் கற்ற பிள்ளைக்கு இரண்டாவது அந்நிய மொழி அதில் பாதி பயத்தைக்கூடத் தராது. எப்படிக் கற்பது என்பதே ஒரு பழக்கம்தானே.

இந்த மண்ணுக்கு இதெல்லாம் புதிது என்பது போல் நீங்கள் எழுதியிருப்பதுதான் வேடிக்கை. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்ய, போன ஊர் இது. தொழில் பழகும் பெட்டியடிப் பையனாகக் கப்பலேறிய சிறுவர்கள் ரங்கூனிலும் மோல்மீனிலும் பர்மிய மொழியில் கடன் கொடுத்து வாங்கினார்கள். 1930 வாக்கில் பர்மாவில் மட்டும் 1,600க்கு மேற்பட்ட செட்டியார் வட்டிக்கடைகள் இருந்தன. பினாங்கில் மலாய். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சைகோனில் பிரெஞ்சுக்காரனோடு வரவுசெலவு. அங்கே நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயில் இன்றும் நிற்கிறது. முதலாளிகள் மட்டுமா? என் தாத்தா ஒரு கடையில் சமையலாளாகப் போனவர். 1942இல் பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர். சாகும்வரை காய்கறிக் கணக்கைப் பர்மிய மொழியில்தான் எண்ணுவார். மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் தூக்கிக் கொடுத்த அழகப்பரின் ஊரில் இருந்துகொண்டு, "நமது பகுதி மாணவர்கள்" என்று ஒரு தாழ்ந்த குரலில் எழுதுகிறீர்கள். ஆண்டுவிழா மேடையில் மட்டும் அவர் பெயர் உரக்கக் கேட்கிறது.

சரி, அந்த மைக் பேச்சுக்கு வருகிறேன். இங்கிலீஷே வராத பிள்ளைக்குப் பிரெஞ்சு எப்படி வரும்?

நான் படித்த காலத்தில் காரைக்காலைச் சேர்ந்த ஒரு வயதான சார் எங்களுக்குப் பிரெஞ்சு எடுத்தார். அவருக்கே இங்கிலீஷ் சுமார்தான். அதனால் தமிழில்தான் விளக்குவார். நீ, நீங்கள் என்ற வேறுபாடு பிரெஞ்சிலும் உண்டு. யாரிடம் எதைச் சொல்வது என்று எங்களுக்கு ஒரு நொடியில் பிடிபட்டது. இங்கிலீஷ் வழியாகப் படித்தால் இதற்கே ஒரு பக்கம் விளக்கம் வேண்டும். வந்தேன், வந்தாய், வந்தோம் என்று நம் வினைச்சொல்லின் வால் ஆளுக்கு ஆள் மாறுவதைப் போல அங்கேயும் மாறும் என்று கரும்பலகையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினார். எங்களுக்கு உதைத்தது ஒன்றுதான். மேசைக்கும் நாற்காலிக்கும் ஆண்பால் பெண்பால். நம்மில் அஃறிணை என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுவிடலாமே, இவர்களுக்கு ஏன் இந்த வம்பு என்று ஒருத்தி கேட்டாள். சார் விழுந்து விழுந்து சிரித்தார்.

வேலைக்கு வந்தபிறகு பார்க்கிறேன், மற்ற மொழிகளிலும் தமிழ் கைகொடுக்கிறது. ஜெர்மனில் நாலு வேற்றுமை; எட்டு வேற்றுமை படித்தவர்கள் நாம். ஜப்பானிய மொழியில் வினை வாக்கியத்தின் கடைசியில் வரும், பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் உருபு ஒட்டும். தமிழ் தெரிந்த பிள்ளைக்கு அந்த வாக்கியம் தலைகீழாகத் தெரியாது. ஆக, இங்கிலீஷ் வரவில்லை என்பது மற்ற மொழி படிக்கத் தடையே இல்லை. இங்கிலீஷ் வழியாகச் சொல்லிக்கொடுப்பதுதான் தடை. உங்கள் பிரெஞ்சு வகுப்பில் கடைசி சில வருடங்களாக நடந்தது அதுதான்.

இனி நான் சொல்வது என் பக்கத்துப் பெற்றோர் சிலருக்கே பிடிக்காது. பிளஸ் ஒன்னில் தமிழை விட்டுவிட்டுப் பிரெஞ்சு எடுக்கும் வழியை நீங்கள் அடைப்பதில் எனக்கு வருத்தமில்லை. அது மொழி கற்கும் வழியாக இல்லை, மார்க் வாங்கும் வழியாக இருந்தது. தமிழில் எழுதினால் தொண்ணூறு, பிரெஞ்சில் எழுதினால் நூற்றுக்குப் பக்கம் என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளைகளை அங்கே தள்ளினோம், நீங்களும் தள்ளினீர்கள். என் அண்ணன் மகன் இரண்டு வருடம் அப்படிப் படித்தான். கேள்வி பதில் மனப்பாடம். படம் ஃபிளெக்ஸில் வந்தது. அந்த விடுமுறையில் எங்கள் விடுதிக்கு வந்தவனிடம் லியோன் நகரத்து அம்மாள் ஒருவர் பெயரைக் கேட்டார். பெயர்தான் கேட்டார். அவன் என் முகத்தைப் பார்த்தான். பையன் மேல் தப்பில்லை. அந்த இரண்டு வருடத்தில் வகுப்பில் யாரும் அவனிடம் பெயரைக் கேட்டதே இல்லை.

அந்த மார்க்காலும் பெரிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை. பொறியியல் கட்ஆஃப் 200க்குக் கணக்கும் இயற்பியலும் வேதியியலும்தான், மொழிக்கு அதில் இடமில்லை. மருத்துவத்துக்கு நீட். மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதையே 2017இல் அரசு நிறுத்திவிட்டது. மிஞ்சியது ஃபிளெக்ஸ் மட்டும்.

ஆனால் எட்டிலிருந்து பத்து வரையிலான வகுப்பு வேறு. 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு பத்தாம் வகுப்பு வரை தமிழ் எல்லோருக்கும் உண்டு; விருப்ப மொழி அதற்கு மேல் கூடுதலாக வருவது. அங்கே பிரெஞ்சு தமிழின் இடத்தைப் பிடுங்கவில்லை. மார்க்குக்காக யாரும் எடுக்காத பாடம், அதுதான் அதன் அழகு. பயமில்லாமல் வாயைத் திறக்கலாம். நிறுத்த வேண்டியதையும் காப்பாற்ற வேண்டியதையும் ஒரே சுற்றறிக்கையில் கட்டி ஒன்றாகத் தூக்கிப் போட்டிருக்கிறீர்கள்.

மூன்றாவது மொழி என்றதும் நம் ஊரில் எல்லோருக்கும் ஒரே நினைவுதான் வரும், எனக்கும் வரும். 1968இலிருந்து இருமொழிக் கொள்கையோடு வாழ்கிறோம், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. 2020 தேசியக் கல்விக் கொள்கையும் உயர்நிலைப் பள்ளிக்குக் கொரியன், ஜப்பானியம், தாய், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், போர்த்துகீசியம், ரஷ்யன் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறது. அந்தச் சண்டையை இங்கே இழுக்காதீர்கள். நான் கேட்பது கட்டாயம் அல்ல. விரும்புகிற பிள்ளைக்கு ஒரு கதவு. அதே சமயம், மேலிருந்து ஒரு உத்தரவில் மொழியை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2014 நவம்பரில், கல்வியாண்டின் நடுவில், கேந்திரிய வித்யாலயங்களில் மூன்றாம் மொழியாக இருந்த ஜெர்மனை எடுத்துவிட்டுச் சமஸ்கிருதம் என்றார்கள். பெற்றோர் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். நீங்கள் ஆண்டின் தொடக்கத்தில் செய்கிறீர்கள், அந்த அளவில் பரவாயில்லை. ஆனால் இப்போது எட்டும் ஒன்பதும் முடித்து நடுவழியில் நிற்கும் பிள்ளைகளுக்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள் என்று சுற்றறிக்கையில் ஒரு வரிகூட இல்லை.

நேரக் கணக்கையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் "வாரத்தில் நாலு வகுப்பில் என்ன வந்துவிடும்?" என்று முதல்வர் கேட்டார். வாரத்துக்கு நாலு, ஆண்டுக்கு 35 வாரம் என்று குறைத்தே வைத்தாலும் 140 பாடவேளை. மூன்று ஆண்டில் 420. ஜெர்மன் மொழிக்கு கோதே நிறுவனம் சொல்லும் கணக்கில் ஏ2 நிலைக்கு 200 முதல் 350 பாடவேளை, பி1க்கு 350 முதல் 650. பிரெஞ்சுக்கு இதைவிட அதிகம் ஆகாது. அதாவது பத்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை ஏ2 நிலையைத் தாராளமாகத் தொடலாம், கொஞ்சம் ஆர்வமிருந்தால் பி1இன் வாசலுக்கே போகலாம். ஏ2 என்றால் கடையில் வாங்கலாம், வழி சொல்லலாம், தன்னைப் பற்றியும் தன் ஊரைப் பற்றியும் நாலு வாக்கியம் நிறுத்தி நிதானமாகப் பேசலாம். கல்லுக்குச் சூளை கிடையாது என்று சொல்ல இது போதும்.

டெல்ஃப் என்கிற பிரெஞ்சு மொழித் திறன் தேர்வில் பள்ளி மாணவர்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல், ஒவ்வொன்றுக்கும் 25. நூற்றுக்கு 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் எந்த ஒன்றிலும் 5க்குக் கீழே போகக் கூடாது. பேசாமல் தப்பிக்கவே முடியாது என்பதால் எனக்கு இந்தத் தேர்வைப் பிடிக்கும். சான்றிதழ் காலாவதியும் ஆகாது.

நீட் அடித்தளம் பற்றி ஒரு வார்த்தை. எதிர்க்கவில்லை. ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த வகுப்பில் என்ன நடக்கும் என்று விசாரித்தேன். எட்டாம் வகுப்பு அறிவியல் பாடத்தையே இன்னொரு முறை, கொள்குறி வினாக்களோடு நடத்துவார்களாம். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, ஆனால் நேரம் மட்டும் பள்ளி வேளைக்குள். வேனில் போகும் பிள்ளைகளை நினைத்து அதை உள்ளே வைக்க முடிந்த உங்களுக்குப் பிரெஞ்சை வைக்க முடியாமல் போனது எப்படி?

நான் கேட்பது இவைதான்.

எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்பு விருப்ப மொழியை நிறுத்தும் முடிவை இந்த ஆண்டுக்கு மட்டுமாவது தள்ளி வையுங்கள். பிளஸ் ஒன் விஷயத்தில் உங்கள் முடிவு அப்படியே இருக்கட்டும். ஆனால் ஏற்கெனவே பிளஸ் ஒன்னைப் பிரெஞ்சோடு முடித்தவர்கள் பிளஸ் டூவையும் அதிலேயே முடிக்க வழி செய்யுங்கள்.

வகுப்பைப் பள்ளி நேரத்துக்குள் திரும்பக் கொண்டுவாருங்கள். முடியவே முடியாது என்றால், வாரத்தில் இரண்டு நாளாவது புதுவயல், பள்ளத்தூர், ஆத்தங்குடி வேன்களை ஒரு பாடவேளை தாமதமாக எடுக்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு நாளைக்கு டீசல் செலவைப் பகிர்ந்துகொள்ளப் பெற்றோர் சிலர் தயார். அவர்களின் கையெழுத்தோடு தனி மனு அலுவலகத்தில் கொடுத்திருக்கிறோம். மொழிக் கட்டணத்தை எடுத்துவிடுங்கள். முழுவதும் எடுக்க முடியாவிட்டால், கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்காவது விலக்கு கொடுங்கள். யாருக்கு விலக்கு என்பதை மைக்கில் வாசிக்க வேண்டாம்.

ஆசிரியர் பணிக்குப் புதுச்சேரி, காரைக்கால், சென்னைப் பக்கம் முறையாக விளம்பரம் கொடுங்கள். வருகிறவருக்கு மொழி வகுப்பைத் தவிர வேறு வகுப்புகளைத் தலையில் கட்டாதீர்கள். நேர்காணலில் தமிழில் விளக்கத் தெரியுமா என்று கேளுங்கள். வகுப்பில் பாதி நேரமாவது பிள்ளைகள் பேச வேண்டும் என்பதை நியமன உத்தரவிலேயே எழுதுங்கள். எங்கள் விடுதியும் பக்கத்து விடுதிகள் இரண்டும், விருந்தினர் விரும்பினால், அவர்களைப் பிள்ளைகளோடு பேசவைக்க ஒத்துக்கொண்டிருக்கின்றன. உங்கள் அனுமதி மட்டும் போதும். ஆசிரியரும் பெற்றோர் ஒருவரும் உடன் இருப்பார்கள்.

பிரெஞ்சுதான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. ஜெர்மனுக்கோ ஜப்பானிய மொழிக்கோ நல்ல ஆசிரியர் கிடைத்தால் அதை வையுங்கள். எதுவாக இருந்தாலும் மூன்று ஆண்டு தொடர்ந்து நடக்கும் என்று எழுத்தில் உறுதி கொடுங்கள், ஏனென்றால் பாதியில் நிற்கும் மொழி யாருக்கும் உதவாது.

பள்ளி திறப்பதற்கு முன்னால் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தைக் கூட்டி, இதை நிகழ்ச்சி நிரலில் முதல் பொருளாக வையுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் வையுங்கள், பட்டறையில் வேலை செய்கிறவர்களும் வர முடியும். இந்த மடலுக்கு எழுத்தில் பதில் வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் போடுவதாக இருந்தால், அன்றைக்கு ஒரு நாளாவது பெற்றோரும் பதில் எழுதும்படி குழுவைத் திறந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பள்ளியின் பழைய மாணவி,
எட்டாம் வகுப்புக்கு வரும் ஒரு மாணவியின் தாய்